பெங்களூரில் இலையுதிர்காலம் தை கடைசியில் வரும்: மரத்தடிப் பள்ளி பற்றி ஒரு பதில்

ஒரு தாயின் கேள்வி இது. அல்சூரில் இருக்கிறார்கள், மகளுக்கு மூன்றரை வயது. வரும் ஜூனில் சேர்ப்பதற்காக ஒரு திறந்தவெளி மழலையர் பள்ளியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பெயருக்கு ஒரு ஓட்டுக் கட்டடம், மற்றபடி பிள்ளைகள் காலை முழுக்க மரத்தடியில்தான். முதல் வருடம் மரங்களையும் பருவங்களையும்தான் கற்பார்கள் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். "பெங்களூரில் வருடம் முழுக்க ஒரே மாதிரிதானே இருக்கிறது, இங்கே என்ன பருவம்? மாமியாருக்கு மழை, பூச்சி, சளி என்று பயம். மற்ற பிள்ளைகள் எழுதிப் பழகும்போது இவள் இலை பொறுக்கிக்கொண்டிருப்பாளோ என்று எனக்குப் பயம். உண்மையில் இதில் குழந்தை என்ன கற்றுக்கொள்ளும்?" என்று கேட்டிருக்கிறார்.

பதினான்கு வருடங்களாக மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளோடு இருக்கிறேன். அதில் முதல் மூன்று வருடம் நான்கு சுவருக்குள், மீதி மரத்தடியில். அதனால் இரண்டையும் பார்த்தவளாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த "ஒரே மாதிரி" என்பதை எடுத்துக்கொள்கிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான் வேர்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் நவம்பர் மாதம் "இலையுதிர்காலம்" என்று ஒரு வாரம் கொண்டாடுவோம். ஆரஞ்சு நிற அட்டையில் மேப்பிள் இலை வெட்டிச் சுவரில் ஒட்டுவோம். டிசம்பரில் பஞ்சை உருட்டிப் பனி. சுவரில் நான்கு பருவப் படம், ஒவ்வொன்றிலும் ஒரே ஆப்பிள் மரம். ஒரு நாள் ஒரு பையன் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, "மிஸ், நம்ம மரம் ஏன் இலையைப் போடல?" என்று கேட்டான். வெளியே நின்றது புங்க மரம். நவம்பர் மழையில் கழுவிவிட்ட மாதிரிக் கரும்பச்சையாக நின்றது. எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் புங்கன் எப்போது இலையை உதிர்க்கும் என்பதே எனக்குத் தெரியாது. நான் பிறந்து வளர்ந்த ஊர் இது, தினமும் அந்த மரத்தின் கீழேதான் வண்டியை நிறுத்தினேன்.

அது பிப்ரவரியில் உதிர்க்கும். தை கடைசி, மாசி தொடக்கம். இரண்டு மூன்று வாரத்தில் மரம் மஞ்சளடித்து, சருகாகிக் கொட்டி, மொட்டையாகி, அடுத்த சில நாளில் எண்ணெய் பூசியது போலப் பளபளக்கும் இளம்பச்சைத் துளிரோடு நிற்கும். வருடத்திலேயே மிக வேகமாக நடக்கும் நாடகம் அது. நான்கு பருவப் படத்தின் கணக்குப்படி அப்போது குளிர்காலம் முடிகிற நேரம். ஐரோப்பாவில் மரங்கள் உறைபனிக்கும் வெளிச்சக் குறைவுக்கும் பயந்து உதிர்க்கின்றன. நம் பக்கத்து மரங்கள் உதிர்ப்பது தண்ணீருக்காக. மழை நின்று மாதக்கணக்காகி மண் காய்ந்துகொண்டிருக்கிறது, இலை வழியாகத் தண்ணீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கிறது. இலையை உதறிவிட்டால் செலவு குறையும். காரணமே வேறு என்பதால் காலமும் வேறு. ஆப்பிள் மரப் படத்தைப் பார்த்து வளரும் பிள்ளை "நமக்குப் பருவமே இல்லை" என்றுதான் நினைக்கும். நாமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வளர்ந்தோம்.

நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ஆறு பெரும்பொழுதுகள் இந்த ஊருக்கு எவ்வளவோ நெருங்கி வருகின்றன. முன்பனி என்றால் மார்கழி, தை. பெங்களூரில் அப்போதுதான் காலையில் ஸ்வெட்டர் எடுக்க வேண்டியிருக்கும், சந்தையில் அவரைக்காய் குவியும், டபேபுயா மரங்கள் இலையில்லாமல் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். பின்பனி என்றால் மாசி, பங்குனி. புங்கன் உதிர்ந்து துளிர்க்கும், அரசமரம் செம்பு நிறத் தளிர் விடும், மஞ்சள் டபேபுயாவும் ஊதா ஜக்கராண்டாவும் பூக்கும். சித்திரை, வைகாசி இளவேனில். இடி மழையோடு குல்மொஹர் சிவக்கும், பெருங்கொன்றை நடைபாதையையே மஞ்சளாக்கும், சரக்கொன்றை தொங்கும், மாங்காய் பழமாகும். ஆவணி, புரட்டாசி கார்காலம். பெங்களூரில் சராசரியில் அதிக மழை பெய்யும் மாதம் செப்டம்பர்தான், அதனால் இது அச்சாகப் பொருந்தும். ஐப்பசி, கார்த்திகை கூதிர். விடிகாலையில் மரமல்லி தரையெல்லாம் கொட்டிக் கிடக்கும், பசவனகுடியில் கார்த்திகைக் கடைசித் திங்களில் கடலைக்காய்த் திருவிழா. முதுவேனில் மட்டும்தான் இந்த ஊரில் இடறுகிறது. ஆனியிலும் ஆடியிலும் இங்கே வெயில் கொளுத்தாது, தூறலும் காற்றும்தான். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருக்கும் ஊர் அல்லவா. ஆனால் "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பது இங்கேயும் உண்மை. அந்த இரண்டு மாதத்தைப் பிள்ளைகள் காற்றுக் காலம் என்றே சொல்வார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்த ஊரில் மரங்கள் இப்படி மாற்றி மாற்றிப் பூப்பது முழுக்க இயற்கையாக அமைந்ததும் இல்லை. ஜெர்மனியில் பிறந்து, லண்டன் கியூ தோட்டத்திலும் பரோடாவிலும் வேலை பார்த்துவிட்டு, 1908 வாக்கில் இந்த ஊரின் லால்பாக் தாவரவியல் பூங்காவின் பொறுப்புக்கு வந்தவர் குஸ்டாவ் ஹெர்மன் கிரும்பீகல். ஒரு தெரு பூத்து ஓயும்போது அடுத்த தெரு பூக்க வேண்டும் என்று திட்டமிட்டு மரங்களை வைக்கும் யோசனையை இங்கே வேரூன்றச் செய்தவர் அவர்தான். 1956இல் இந்த ஊரிலேயே இறந்தார், லால்பாக் அருகே ஒரு சாலைக்கு அவர் பெயர். ஜக்கராண்டாவும் டபேபுயாவும் தென், மத்திய அமெரிக்கா பக்கம் இருந்து வந்தவை, குல்மொஹர் மடகாஸ்கரில் இருந்து. ஆக, நாட்காட்டி பார்க்கத் தெரியாத ஒரு மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்த ஊரே ஒரு நாட்காட்டியாக நடப்பட்டிருக்கிறது என்றுகூடச் சொல்வேன். உங்கள் மகளுக்கு இதைவிட வசதியான ஊர் இந்தியாவில் அதிகம் இல்லை.

சரி, குழந்தை என்ன கற்றுக்கொள்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன்.

மூன்றரை வயதுப் பிள்ளைக்கு "மாதம்" என்பது ஒரு சத்தம் மட்டும்தான். போன தீபாவளியையும் "நேத்து" என்றுதான் சொல்லும், நாளைக்கு வரப்போவதையும் சில சமயம் "நேத்து" என்றுதான் சொல்லும். இந்தப் பிள்ளையிடம் "வருடத்துக்கு இத்தனை பருவம்" என்று சொல்லிக் கொடுத்தால் அது ஒரு பாட்டாக மனப்பாடம் ஆகும், அவ்வளவுதான். காலம் என்பது நகர்கிறது, போனது திரும்பவும் வரும் என்ற எண்ணம் பிள்ளைக்கு ஊற வேண்டுமென்றால், மாறிக்கொண்டே இருக்கும் ஒரு பொருளிடம் மாறாமல் திரும்பத் திரும்பப் போக வேண்டும். நூறு மரத்தின் பெயர் வேண்டாம். ஒரே ஒரு மரம் போதும், ஒரு முழு வருடத்துக்கு. இத்தனை வருடத்தில் நான் உறுதியாகக் கண்டது இது ஒன்றுதான்.

நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும், அல்லது இரண்டு பேருக்குச் சேர்த்து, ஒரு மரம். ஜூனில் தேர்ந்தெடுப்பார்கள். தேங்காய் நார்க் கயிறு ஒன்று, பிள்ளையின் உயரத்துக்கு இரண்டு மடங்கு நீளம், தாழ்வாரத்தில் தொங்கும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவரவர் மரத்தடிக்குப் போய், கீழே விழுந்து கிடப்பதில் ஒன்றை எடுத்துவந்து அந்தக் கயிற்றில் கட்ட வேண்டும். பறிக்கக் கூடாது, மரம் கொடுத்ததை மட்டும்தான் எடுக்க வேண்டும். முதலில் நாங்கள் முடிச்சுப் போடுவோம். ஐப்பசி வாக்கில் பாதிப் பேர் தாங்களே போடுவார்கள்.

ஒரு பெண்ணின் கயிறு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. புங்க மரம் அவளுடையது. ஜூனில் கட்டிய பச்சை இலை முதலில் பழுப்பாகி, பிறகு விளிம்பு சுருண்டு, தொட்டால் நொறுங்கும் நிலைக்கு வந்திருந்தது. அதற்குக் கீழே சிறு சிறு கொப்புளம் வைத்த இலைகள் நாலைந்து. அது கண்ணுக்குத் தெரியாத ஒரு பேன்பூச்சி இலைக்குள் வீடு கட்டுவதால் வரும் வீக்கம். அவள் அதை "இலைக்கு அம்மை போட்டிருக்கு" என்றாள். நடுவில் ஒரு காகத்தின் இறகு. ஒரு வாரம் கயிற்றில் வெறும் முடிச்சு. அந்தத் திங்களன்று விடாமல் மழை, அடியில் சேறு தவிர ஒன்றும் இல்லை. "ஒண்ணும் குடுக்கல, அதையும் கட்டணும்" என்று பிடிவாதம் பிடித்து வெற்று முடிச்சைப் போட்டாள். பிப்ரவரிக்கு வந்தால் வரிசையாக மஞ்சள் இலைகள். அதற்குக் கீழே தட்டையான மரக்கட்டை போல ஒரு காய். புங்கங்காய் பூவிலிருந்து முற்றப் பத்து, பதினோரு மாதம் எடுக்கும், அதாவது அந்தக் காயின் பூ அவள் பள்ளிக்கு வருவதற்கு முன்பே பூத்தது. மார்ச் கடைசியில் பள்ளி முடிவதற்கு முந்தைய வாரம் இளம் ஊதா கலந்த வெள்ளைப் பூ ஒரு கொத்து. அவளுடைய அப்பா வந்தபோது, கயிற்றை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே வந்தாள். "இது மழை. இதுவும் மழை. இது காக்கா வந்த நாள். இது மரம் சொட்டை ஆன நாள். இது இப்போ." ஒரு வருடத்தை அவள் கையால் தடவிப் பார்த்தாள். எந்த ஒர்க் ஷீட்டும் இதைக் கொடுக்காது.

இதில் எழுத்து எங்கே, கணக்கு எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கவலைதான். கயிற்றில் முடிச்சுப் போடும் விரல்தான் பிறகு பென்சில் பிடிக்கும். புங்க விதைகளைச் சிறியது, பெரியது, பொந்து விழுந்தது என்று பிரித்து அடுக்குவதுதான் கணக்குக்கு முன்னால் வரும் கணக்கு. அடிமரத்தைச் சுற்றிக் கை கோத்து "மூணு பேர் மரம்", "அஞ்சு பேர் மரம்" என்று அளப்பார்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கையே இந்த வயதில் விளையாட்டு வழியாகத்தான் கற்க வேண்டும் என்கிறது. ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன்: இப்படிப்பட்ட பள்ளியிலிருந்து ஐந்து வயதில் வரும் பிள்ளை, மற்றப் பிள்ளைகள் அளவுக்குப் பக்கம் பக்கமாக எழுதாது. ஒன்றாம் வகுப்பில் முதல் சில மாதம் எழுத்தில் பின்தங்கியதாகத் தோன்றலாம். என் அனுபவத்தில் அது ஈடாகிவிடும். அந்தச் சில மாதங்களை உங்களால் பதறாமல் கடக்க முடியாது என்றால், இந்தப் பள்ளி உங்கள் வீட்டுக்குச் சரிப்படாது. அது தவறும் இல்லை.

சொல் வளம் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும், ஏனென்றால் நீங்கள் தமிழ் வீடு.

பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும்தான் ஓடும். ஆனால் மரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குத் தேவையான சொற்கள் தமிழில் இருப்பது போல அந்த வயதுக்கான ஆங்கிலத்தில் இல்லை. ஆங்கிலத்தில் பிள்ளைக்குக் கிடைப்பது "லீஃப்" ஒன்றுதான். நம்மிடம் கொழுந்து, துளிர், தளிர், இலை, பழுப்பு, சருகு என்று இலையின் வாழ்க்கையே வரிசையாக நிற்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று பூவுக்கு. பிஞ்சுக்கோ ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு தனிப் பெயர்: மாவுக்கு வடு, பலாவுக்கு மூசு, தென்னைக்குக் குரும்பை, வாழைக்குக் கச்சல். ஊரில் இதையெல்லாம் பேசிப் பேசியே பழகியவர்கள் நம் பாட்டிகள். உங்கள் மாமியாரைப் பள்ளிக்கு எதிர்க்கட்சியாக வைக்காதீர்கள். பிள்ளை கொண்டுவருவதை அவர் கையில் கொடுத்து "இதுக்கு ஊர்ல என்ன பேரும்மா?" என்று கேளுங்கள். மழைப் பயம் பாதி அதிலேயே கரையும்.

கன்னடமும் தமிழும் பக்கத்துப் பக்கத்து வீடு என்பதைப் பிள்ளைகள் மரம் வழியாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள். நம் பூ அங்கே ஹூ. நம் புங்கு அங்கே ஹொங்கே, நம் பலா ஹலசு. நாலு வயதுப் பிள்ளை ஒருத்தி இந்த ப, ஹ மாற்றத்தைத் தானே பிடித்துக்கொண்டு, பார்க்கும் சொல்லையெல்லாம் மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். பாலுக்கு ஹாலு சரியாக வந்ததும் அவள் குதித்த குதி இருக்கிறதே!

ஆனால் ஒரு சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். கன்னடத்தில் "அரளி மர" என்றால் அரசமரம். கும்பகோணத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பாட்டி, பேரன் வீட்டுக்கு வந்து "இன்னிக்கு அரளி இலையைச் சுருட்டி வாயில வச்சுப் பீப்பி ஊதினோம்" என்றதும் ஆடிப்போய்விட்டார். நமக்கு அரளி என்றால் விஷம். பையனுக்குக் குடிக்க எதையோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்கப் பார்த்திருக்கிறார், அதற்குள் மகள் எங்களுக்குப் போன் செய்துவிட்டாள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. (உண்மையிலேயே விஷம் போயிருந்தாலும் வீட்டில் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான்.) அன்றிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளிடம் நாங்கள் "அரளி மர, அதாவது அரசமரம்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம். நிஜ அரளியும் மஞ்சள் பூப்பூக்கும் பொன்னரளியும் இந்த ஊர்ச் சாலைகளின் நடுவில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன, அதனால் அந்தச் செடியையும் தனியாகக் காட்டி, இது தொடக் கூடாதது என்று பழக்கிவிடுகிறோம். ஊமத்தை, குன்றிமணி, ஆமணக்கு விதை மூன்றையும் அதே பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பது எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் வெளியில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் உண்டு. மாலையானால் இலைகளை ஜோடி ஜோடியாக மடக்கிக்கொள்ளும், அதனால்தான் அந்தப் பெயர். வெளிச்சம் குறைந்தால் பகலிலும் மடக்கும். செப்டம்பரில் ஒரு நாள் காலை பதினொன்றரை இருக்கும், மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. ஒரு பையன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மரத்துக்குச் சாயங்காலம் ஆயிடுச்சு, பையை எடுத்து உள்ள வைங்க" என்று கத்தினான். பார்த்தால் இலையெல்லாம் மடங்கிக்கொண்டிருந்தது, வழக்கமாக நிழலாக இருக்கும் இடத்தில் வானம் தெரிந்தது. பைகளை எடுத்துத் தாழ்வாரத்துக்குள் வைத்து முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு மேகம் வந்தாலே எல்லாரும் முதலில் மரத்தைத்தான் பார்ப்பார்கள். மரம் மழையை முன்கூட்டிச் சொல்வதில்லை, இருட்டுக்குத்தான் மடங்குகிறது என்பதை அவர்களே பிறகு பிரித்துப் பார்த்தார்கள், ஏனென்றால் இரண்டு முறை மடங்கியும் மழை வரவில்லை. "பொய் சொல்லுச்சு" என்றான் ஒருவன். "இல்ல, அது தூங்கிச்சு, அவ்ளோதான்" என்றாள் இன்னொருத்தி. நான்கு வயதில் இப்படி ஒரு வாக்குவாதம் நடந்தால் அந்த வருடம் வீணாகவில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

"இலவு காத்த கிளி" என்று நாம் பேச்சில் சொல்வோம். அதை நேரில் பார்க்கும் பாக்கியமும் இந்த ஊரில் உண்டு. லால்பாக்கில் மிகப் பழைய இலவ மரம் ஒன்று இருக்கிறது, அடிமரம் திரைச்சீலை மடிப்பு மாதிரிப் பரந்து நிற்கும், ஐந்தாறு பிள்ளைகள் அந்த மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளலாம். தெருக்களில் சிவப்புப் பூப்பூக்கும் இலவு ஜனவரி, பிப்ரவரியில் இலையே இல்லாமல் பூக்கும். மைனா, காகம், கிளி, அணில் என்று ஒரு சந்தையே கூடும். பிறகு காய் பச்சையாகத் தொங்கும், தொங்கும், தொங்கிக்கொண்டே இருக்கும். கடைசியில் வெயிலில் வெடித்துப் பஞ்சாகப் பறந்துபோகும். பழத்துக்குக் காத்திருந்த எங்கள் பிள்ளைகள் முகத்தில் அன்று தெரிந்த ஏமாற்றமும் அடுத்த நொடியே பஞ்சைத் துரத்திய ஓட்டமும்! அந்தப் பழமொழியை அவர்களுக்கு இனி விளக்க வேண்டியதில்லை.

இப்போது பெற்றோர் பக்கத்தில் இருக்கும் ஒரு பெரிய ஓட்டையைச் சொல்ல வேண்டும். பள்ளி ஜூனில் திறந்து மார்ச்சில் மூடும். மரங்களுக்கோ ஏப்ரல், மேதான் திருவிழாக் காலம். பூ, பிஞ்சு, பழம், இடி மழை, ஈசல் எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான். ஆசிரியர்கள் பத்து மாதம் பொறுக்கியதன் உச்சம் விடுமுறையில் நடந்துவிடுகிறது. ஆகவே அந்த இரண்டு மாதம் உங்கள் கையில். பங்குனி கடைசியில் ஒரு வேப்ப மரத்தடியில் விடிகாலையில் பழைய வேட்டியை விரித்துவிடுங்கள். அரை மணி நேரத்தில் அரிசிப் பொரி போல வெள்ளையாக விழுந்திருக்கும். பிள்ளை குச்சியையும் எறும்பையும் விலக்கிவிட்டுப் பூவை மட்டும் சேர்க்கட்டும், மொட்டை மாடியில் காயட்டும். பக்கத்து வீட்டில் யுகாதிக்கு பேவு பெல்லா தருவார்கள், அதுவும் வேப்பம்பூவும் வெல்லமும்தான். அதற்குப் பிறகு சித்திரை முதல் நாள் நம் வீட்டில் மாங்காய்ப் பச்சடியில் அதே பூ. தான் பொறுக்கிய கசப்பைப் பிள்ளை முகம் சுளிக்காமல் சாப்பிடுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அங்கேயும் ஒரு புங்கனையோ வேம்பையோ பார்க்கச் சொல்லுங்கள். அதே மரம், வேறு நேரம். திருச்சியில் முடிந்துபோனது பெங்களூரில் இன்னும் நடந்துகொண்டிருக்கலாம்.

மாமியாரின் பயங்களையும் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். தூறலில் நனைவது சளிக்குக் காரணம் இல்லை. மற்றப் பிள்ளைகளிடமிருந்து தொற்றும் கிருமிதான் காரணம், அது மூடிய அறையில் இன்னும் சுலபமாகப் பரவும். ஈர உடையோடு மணிக்கணக்காக உட்காரக் கூடாது, மாற்றுத் துணி இரண்டு செட் பையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உண்மையான ஆபத்து வேறு. ஏப்ரல், மேயில் அடிக்கும் காற்று மழையில் இந்த ஊரில் கிளைகள் முறிந்து விழும், குல்மொஹர் கிளை சுலபமாக ஒடியும். காற்று எழுந்தால் மரத்தடியை விட்டு உடனே உள்ளே போகும் வழக்கம் பள்ளிக்கு இருக்க வேண்டும், இடி கேட்டால் பேச்சே இல்லை. மழை ஓய்ந்த வாரங்களில் டெங்குக் கொசு பகலில் கடிக்கும், முழுக்கை சட்டை போட்டு அனுப்புங்கள். கம்பளிப்பூச்சி மேலே பட்டால் தேய்க்கக் கூடாது, செலோ டேப்பை ஒட்டி எடுத்தால் முள் வந்துவிடும், பிறகு சோப்பு போட்டுக் கழுவலாம். இந்த ஊரில் காங்கிரஸ் புல் என்று சொல்லும் பார்த்தீனியம் பள்ளி வளாகத்தில் இருக்கிறதா என்று நீங்களே கண்ணால் பாருங்கள். அரிப்பும் மூச்சிரைப்பும் தூண்டும் செடி அது. உங்கள் மகளுக்கு வீசிங் இருந்தால் சேர்க்கும் முன்பு குழந்தை மருத்துவரிடம் பேசிவிட்டு, இன்ஹேலரை ஆசிரியரிடமும் ஒன்று கொடுத்து வையுங்கள்.

இந்தக் கல்வி முறை புதிதா, சோதனையா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை. டென்மார்க் பக்கம் 1950களிலிருந்தே காட்டு மழலையர் பள்ளிகள் உண்டு. ஜெர்மனியில் 1993இல் ஃபிளென்ஸ்பர்க் நகரப் பள்ளிக்கு அரசு அங்கீகாரம் கிடைத்த பிறகு நிறையப் பெருகின. நம் நாட்டில் தாகூர் 1901இல் சாந்திநிகேதனில் மரத்தடியில்தான் பள்ளியைத் தொடங்கினார். அதற்கும் வெகுகாலம் முன்பே திண்ணையும் மரத்தடியும் நமக்கு வகுப்பறைகள்தானே.

நீங்கள் பார்த்த பள்ளி நல்ல பள்ளியா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. மறுபடி ஒருமுறை போய், ஆசிரியர் ஒருவரிடம் வளாகத்தில் ஏதாவது ஒரு மரத்தைக் காட்டி, "போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் இதில் என்ன மாறியிருக்கிறது?" என்று கேளுங்கள். தாவரவியல் பெயர் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவர் நிமிர்ந்து பார்த்து, "மேல்கிளையில காக்கா கூடு கட்டுது" என்றோ "இந்தப் பக்கம் மட்டும் பூ வந்திருக்கு, ஏன்னு தெரியல, பிள்ளைங்களும் பார்த்துட்டு இருக்காங்க" என்றோ சொன்னால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். கையிலிருக்கும் அச்சடித்த பாடத்திட்டத்தைப் புரட்டினால், அது மரத்துக்கு அடியில் நடக்கும் சாதாரண வகுப்பு. கழிப்பறை எங்கே, எத்தனை பிள்ளைக்கு ஒரு பெரியவர், பலத்த மழை வந்தால் எங்கே உட்கார்வார்கள் என்ற மூன்றையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இந்த வயதில் எட்டுப் பிள்ளைக்கு மேல் ஒருவரிடம் விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஜூன் வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் வாசலில் ஒரு புங்க மரம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். இப்போது தை பாதி தாண்டிவிட்டது. இன்னும் சில வாரத்தில் அது உதிர்க்கத் தொடங்கும். மகளுக்கு எட்டும் உயரத்தில் ஒரு சின்னக் கிளையைத் தேடி, அவளையே ஒரு நூல் கட்டச் சொல்லுங்கள். இறுக்க வேண்டாம், கிளை தடிக்க இடம் விட்டுத் தளர்வாக. தினமும் பல் தேய்த்த பிறகு போய் அந்தக் கிளையில் எத்தனை இலை மிச்சம் என்று அவள் எண்ணட்டும். ஒரு நாள் அவளுக்குத் தெரிந்த எண்ணுக்குள் வந்துவிடும், பிறகு பூஜ்யமாகும். அன்று அவளை ஒன்றும் கேட்காதீர்கள், மறுநாளும் கூட்டிக்கொண்டு போங்கள். நூல் சிவப்பாக இருந்தால், துளிர் வந்து மூடிய பிறகும் அந்தக் கிளையை அவளால் கண்டுபிடிக்க முடியும்.